99 ரூபாய் மெம்பர்ஷிப்பும் அண்ணாச்சி நோட்டும்

சென்னை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். அதனால் எங்கள் வீட்டில் எனக்கு ஆடிட்டர் மரியாதை. போன மாசம் அக்கா ஒரு கணக்கைக் கொண்டுவந்தாள். மளிகை ஆப் ஒன்றில் மூன்று மாதத்துக்கு 99 ரூபாய் கட்டிச் சேர்ந்திருந்தாள். "சலுகை விலைடி, டெலிவரி ஃப்ரீ. மாமா வேஸ்ட்டுங்கிறாரு, நீ சொல்லு."

மாமா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வீடு வியாசர்பாடியில், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

அவள் போனை வாங்கி ஐந்து வாரத்து ஆர்டர்களைத் தாளில் எழுதினேன். 11 ஆர்டர். டெலிவரிக்கு 25 ரூபாய் என்று வைத்தால் 275 மிச்சம். 99 போனாலும் லாபம். ஆப்பும் பச்சை எழுத்தில் அதையேதான் காட்டுகிறது. ஆனால் 199 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் டெலிவரி இலவசம். அக்காவுக்குத் தேவைப்பட்டது பெரும்பாலும் 140, 150. மீதியை எட்டப் பிடிக்கக் கொரியன் நூடுல்ஸ், பாத்ரூமில் தொங்கவிடும் வாசனை பாக்கெட், ஒரு பெரிய ஷாம்பு பாட்டில் (எப்போதும் 2 ரூபாய் பாக்கெட்தான் வாங்குவாள்). இப்படி 'எட்டப் பிடித்த' சாமான்களை மட்டும் கூட்டினேன்: 430 ரூபாய்.

முன்பெல்லாம் இதே சாமான் தெருமுனை அண்ணாச்சி கடையில். அட்டை கிழிந்து நூலால் தைத்த நீள நோட்டு ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும். அதில் அக்காவின் பக்கத்துக்குத் தலைப்பு, 'ஆட்டோ வீடு, 3 மாடி'. 20 ரூபாய்க்கு எண்ணெய், 100 கிராம் பருப்பு, கால் கிலோ ரவை. வண்டி ஓடாத நாளிலும் தருவார். எம்.ஆர்.பி.யில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார் என்பதும் உண்மை. ஆப்பில் அதே எண்ணெய் சில ரூபாய் குறைவுதான். ஆனால் அன்றன்று காசு பார்க்கிற வீட்டுக்கு அந்தச் சில ரூபாயைவிட அந்த நோட்டு பெரிது. முன்பணம் கட்டிச் சேமிக்கச் சொல்கிற திட்டத்துக்கு முதலில் முன்பணம் வேண்டுமே!

இன்னொன்று. அக்காவின் பெரிய செலவெல்லாம் ரேஷனிலேயே முடிந்துவிடும். அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. மிச்சம் இருப்பது சில்லறைச் சாமான். அதில் எவ்வளவுதான் மிச்சம் பிடிக்க முடியும்?

அமெரிக்காவில் இந்த மாதிரி சலுகை விலை மெம்பர்ஷிப்பை வருமானம் பார்த்தே கொடுக்கிறார்கள். அரசின் உணவு உதவி அட்டை வைத்திருப்பவர்களுக்கு அமேசான் 2017-இலிருந்து குறைந்த கட்டணத்தில் பிரைம் கொடுக்கிறது. வால்மார்ட்டும் 2023-இல் பாதி விலையில் ஆரம்பித்தது. அந்த அட்டைப் பணத்தில் மளிகை வாங்கலாம், மெம்பர்ஷிப் கட்டணம் மட்டும் கைக்காசில். கார் இல்லாமல் கடைக்கே போக முடியாத ஊர்களில் அதற்கும் அர்த்தம் இருக்கிறது. அக்கா தெருவிலோ ஐந்து மளிகைக் கடை.

யாருக்குமே பிரயோஜனம் இல்லை என்று சொல்லவில்லை. முதல் மாடியில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி டயப்பரைப் பெரிய பேக்காக மாசம் ஒருமுறை வாங்குகிறாள், வேறு எதையும் தொடுவதில்லை. அவளுக்கு லாபம்தான்.

தாளை நீட்டினேன். அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் சரிடி. அத்தைக்கு முட்டி வலி, நான் வேலைக்குப் போயிடுவேன். அந்தப் பையன் மூணு மாடி ஏறி வந்து குடுத்துட்டுப் போறானே, அதுக்கு எவ்வளவு போட்டிருக்க?"

அந்த வரியை நான் எழுதவே இல்லை.

கடைசியில், மெம்பர்ஷிப் முடிந்ததும் தானாகவே பணம் எடுத்துக்கொள்கிற ஆட்டோபேயை மட்டும் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தவா நிறுத்தவா என்று ஆப் மூன்று தடவை கேட்டது. மீதி இருக்கிற நாளுக்கு ஷாம்பு இல்லாமல் ஆர்டர் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.