காது மெஷினோடு எம்.பி.பி.எஸ்.: ஸ்டெத் வாங்கும் முன்

காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு மருத்துவ இடம் கிடைத்ததும் வீட்டில் முதலில் தேடுவது விலை கூடிய எலக்ட்ரானிக் ஸ்டெதஸ்கோப்பைத்தான். அவசரப்படாதீர்கள். ஆடியோகிராமை (காது பரிசோதனை வரைபடத்தை) எடுத்து, கீழ்சுருதியான 250, 500 ஹெர்ட்ஸில் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

இதய ஒலிகளில் பெரும்பகுதி 500 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். மூன்றாம், நான்காம் ஒலிகள் இன்னும் கீழே, 70-ஐ ஒட்டியோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். ‘ச’, ‘ஸ’ போன்ற உரசல் ஒலிகளோ 2000-க்கு மேல். ஆக, மேல்சுருதி மட்டும் போனவர்கள் மெஷினைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்டெத் மாட்டினாலே இதயத்துடிப்பு நன்றாகக் கேட்கும். அவர்களுக்குச் சிக்கல் வார்டு ரவுண்ட்ஸ் பேச்சில்.

கீழ்சுருதியும் போனவர்களுக்குத்தான் எலக்ட்ரானிக் கருவி தேவை. லிட்மன் கோர் என்ற எலக்ட்ரானிக் ஸ்டெத் 40 மடங்கு வரை பெருக்கும். ஆனால் குழாயும் இயர்பீஸும் உள்ளதால் காதில் மாட்ட மெஷினைக் கழற்ற வேண்டும். கழற்றினால் நோயாளி சொல்லும் பதில் போய்விடும். திங்க்லேப்ஸ் ஒன் என்ற இன்னொரு ஸ்டெத்தில் குழாய் கிடையாது, 3.5 மி.மீ. ஜாக் உண்டு. அதில் காது முழுவதையும் மூடும் பெரிய ஹெட்போனை மாட்டுங்கள். காதின் பின்னால் இருக்கும் மெஷினின் மைக், ஹெட்போன் குடைக்குள் அடங்க வேண்டும். பாதி வெளியே நின்றால் ஒலி குறையும், விசிலும் அடிக்கும். மெஷினின் காது முனையில் திறந்த டோம் (ஓட்டையுள்ள மென்மையான மூடி) போட்டவர்களுக்கு இது பலிக்காது. கீழ்சுருதி டோமின் ஓட்டை வழியே கசிந்துவிடும். காதின் அளவுக்கு வார்த்த மோல்ட் வேண்டும்.

ப்ளூடூத்தை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. ஒலி மெஷினுக்கு வந்து சேர 100 முதல் 200 மில்லிசெகண்ட் தாமதமாகலாம். சிஸ்டோல், அதாவது இதயம் சுருங்கும் நேரம், நீடிப்பதே ஏறத்தாழ 300. கழுத்து நாடியில் விரல் வைத்துக்கொண்டு கேட்டால், சிஸ்டோலிக் முணுமுணுப்பின் (சுருங்கும்போது வரும் கூடுதல் ஒலியின்) பின்பாதி, இதயம் விரியும் டயஸ்டோலில் விழுந்து நோயறிதலே மாறிப்போகும். நேரம் பிரிக்க வயர் இணைப்பையோ போனில் தெரியும் இதய ஒலியின் அலைவரைபடத்தையோ பயன்படுத்துங்கள்.

மெஷினைச் சரிசெய்து தரும் ஆடியோலஜிஸ்டிடம் ஸ்டெத்துக்கென்று தனி புரோகிராம் கேளுங்கள். இரைச்சல் குறைப்பு ஓடினால் தொடர்ச்சியான முணுமுணுப்பை இரைச்சல் என்று நினைத்து மெஷின் அமுக்கிவிடும். விசில் தடுப்பு, வீசிங் ஒலியைத் தன் விசிலாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் அந்தப் புரோகிராமில் அணைக்கச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் தியேட்டரில் உதட்டசைவு தெரியாது, மாஸ்க் மேல்சுருதியையும் விழுங்கும். என்95 சாதா மாஸ்க்கைவிட அதிகம் விழுங்கும். சர்ஜன் கழுத்தில், பேச்சை நேராக மெஷினுக்கு அனுப்பும் ரிமோட் மைக் மாட்ட முன்னாலேயே பேசி வையுங்கள். கை கழுவி கவுன் போட்டபின் மெஷினைத் தொட முடியாது. ஆகவே புதுப் பேட்டரி, சரியான புரோகிராம், மெஷினின் மைக்கில் உரசாத தொப்பி மூன்றும் அதற்கு முன்பே முடிய வேண்டும். ஜிங்க்-ஏர் பேட்டரி சொல்லாமல் கொள்ளாமல் தீரும்.

40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு என்ற ஒரே காரணத்துக்காக இடத்தை மறுக்க முடியாது, படிக்க முடியுமா என்று குறைபாட்டை மதிப்பிடும் வாரியம் ஆளைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி நியாயமான வசதி கேட்பது உரிமை. செய்முறைத் தேர்வுக்கு அனுமதி கேட்கும் கடிதத்தில் கருவியின் பெயரோடு, அலைவரைபடம் பார்க்கப் போன் வேண்டும் என்பதையும் தனி வரியாக எழுதுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.