தண்ணீர் எப்போது, எவ்வளவு?

வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் நிறத்துக்குப் படுகிற கவலையில் பாதியையாவது கான்கிரீட்டை நனைப்பதற்கு ஒதுக்கலாம். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. ஈரம் சீக்கிரம் போய்விட்டால் அந்த வினையும் நின்றுவிடும். சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், நிலக்கரிச் சாம்பல் கலந்தது என்றால் 10 நாளாவது ஈரம் விடக்கூடாது. காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி தெளிப்பதெல்லாம் கணக்கில் வராது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்துங்கள், தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றுங்கள்.

ஆனால் கலவை போடும்போது நேர்மாறு. இளகலாக இருந்தால் வேலை சுலபம் என்று ஓஸை நீட்டுவார்கள். அங்கே கொஞ்சம் பொல்லாதவராகவே இருங்கள். கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை. பலம் குறையும், பின்னாளில் கசியும்.

பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டும் முன் வடிகாலை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திக் கீழே கசிகிறதா என்று பாருங்கள். (மேஸ்திரி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.)

அப்புறம், சுவரில் ஒயர் பைப், தண்ணீர் பைப் பதித்ததும், பூசுவதற்கு முன்பே டேப்பை வைத்து அளவு தெரியும்படி போட்டோ எடுத்துவிடுங்கள். ஒரு சுவர் விடாமல். நாளைக்கு டிரில் போடும்போது மொபைலைத் திறந்து பார்த்தால் போதும்.