துரோவாவில் விட்ட மேலங்கி

எங்கள் கணித ரீச்சரிடம் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் இருந்தது. அதற்குள் ஹோர்லிக்ஸ் இருந்ததை நாங்கள் யாரும் கண்டதில்லை. வெண்கட்டித் துண்டுகள்தான். புது வெண்கட்டி ஒன்று கையில் கிடைத்தால் ரீச்சர் முதலில் அதை இரண்டாக முறிப்பார். பாதி போத்தலுக்குப் போகும், மற்றப் பாதிதான் கரும்பலகைக்கு. அந்தப் பாதியையும் நகம் பலகையில் உரசும்வரை விடமாட்டார். யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த நாட்கள். பற்றறி இல்லை, பெற்றோல் இல்லை, 1990 ஜூனில் நின்றுபோன மின்சாரம் திரும்பி வரவே இல்லை. கரும்பலகை வெளுத்துப் போனால் கோவையிலையும் சிரட்டைக்கரியும் அரைத்து நாங்களே பூசினோம்.

பள்ளி மலர்க்குழுவில் இருக்கும் இளையவள் ஒருத்தி போன் எடுத்து, "அக்கா, பள்ளிக்கூடத்தைப் பற்றி இனிமையாய் ஒண்டு எழுதித் தாங்கோ" என்று கேட்டாள். இனிமையாய் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். விளையாட்டுப் போட்டி, இல்லச் சோடனை, கன்ரீன் வடை எல்லாம் வருடா வருடம் மலரில் வருகிறதுதானே. நான் ரீச்சரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போட்டால் ரீச்சருக்குப் பிடிக்காது.

ரீச்சர் சாந்தமான ஆள் என்று யாராவது சொன்னால் அவருடைய வகுப்பில் இருக்காத ஆள் என்று அர்த்தம். நாக்கு கத்தி. ஒரு திங்கட்கிழமை, கணக்குக்குப் படி எழுதாமல் விடையை மட்டும் எழுதியதற்காக என் கொப்பித் தாளைக் கிழித்தார். தாளே கிடைக்காத காலத்தில் தாளைக் கிழித்தார்! அன்று முழுவதும் நான் அழுதேன். அவருக்கு அன்று என்ன நடந்திருந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

ரீச்சருக்குத் தகப்பன் இல்லை. தாயும் ஒரு தம்பியும்தான். தம்பியை ஜெர்மனிக்கு அனுப்பத் தன் சீதனக் காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டினார். தம்பி போய்ச் சேர்ந்தான். முதல் வருடம் இரண்டு கடிதம். பிறகு ஒன்றும் இல்லை. போக்குவரத்தும் தபாலும் சீரில்லாத நாட்கள் என்பதால் கனகாலம் தாயும் மகளும் தபாலைத்தான் குறை சொன்னார்கள். பிறகு அதே ஊரில் இருந்த வேறொருவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் விசயம் வந்தது, அந்தத் திங்கட்கிழமை. தம்பி கலியாணம் முடித்து நன்றாகத்தான் இருக்கிறான்.

இதை ரீச்சர் எனக்குச் சொல்லவில்லை. பழைய வினாத்தாள் வாங்க அவர் வீட்டுக்குப் போனபோது, குசினிக்குள் தாய் பேசியது படலைவரை கேட்டது. "காணியும் போச்சு, உன்ர கலியாணமும் போச்சு. நீ இன்னும் ஊர்ப் பிள்ளையளுக்கு இரவிரவாய்க் கணக்குத் திருத்திக்கொண்டிரு." அதற்கு ரீச்சர், "அவன் எழுதேல்லை எண்டதுக்கு நான் படிப்பிக்காமல் விடேலுமோ அம்மா? படிப்பிக்கிற வேலையை அவனோ எனக்குத் தந்தவன்?" என்றார். குரலில் கோபம் இல்லை, கணக்கில் எங்கே பிழைத்தது என்று காட்டும் குரல்தான். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓசைப்படாமல் வந்துவிட்டேன்.

புதன்கிழமைகளில் பள்ளி விட்ட பிறகு கிறிஸ்தவ மாணவர் இயக்கக் கூட்டம் நடக்கும். சைவப் பிள்ளைகளும் வந்து இருப்பார்கள். மழை பெய்தால் இன்னும் கூடுதலாக வருவார்கள். அதற்குப் பொறுப்பும் ரீச்சர்தான். ஒரு புதன், வேதாகமத்தில் தீமோத்தேயுவுக்குப் பவுல் அப்போஸ்தலர் எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை வாசித்துவிட்டு, வேதபாடம் சொல்வதுபோலச் சொல்லாமல் கரும்பலகையில் நிரல் நிரலாக எழுதினார். சிறையில் இருக்கிற கிழவர் பவுல், கூட இருந்தவர்களைக் கணக்கெடுக்கிறார். தேமா உலக ஆசையால் விட்டுப் போய்விட்டான், தெசலோனிக்கேக்கு. கிரெஸ்கே கலாத்தியாவுக்கு. தீத்து தல்மாத்தியாவுக்கு. தீகிக்குவைப் பவுலே எபேசுவுக்கு அனுப்பினார். மிச்சம் லூக்கா ஒருவன்.

"இதில எத்தினை பேர் கைவிட்டவை?" என்று கேட்டார். மூன்று பேர் என்றோம், நான்கு என்றோம். ரீச்சர் தேமாவுக்கு மட்டும் கீழே கோடு போட்டார். "ஒருத்தனுக்குத்தான் காரணம் எழுதியிருக்கு. மற்றவையின்ர கணக்கில அவன்ர பிழையை ஏத்தாதேங்கோ. போனவை எல்லாம் விட்டுட்டுப் போனவை இல்லை."

அந்த வயதில் இது எங்களுக்கு ஒரு பெரிய விசயமாகப் படவில்லை. வகுப்பில் மாதம் ஒரு கதிரை காலியாகிக்கொண்டிருந்தது. கொழும்பு, இந்தியா, சுவிஸ், கனடா. சொல்லாமல்தான் போவார்கள். நாங்கள் எல்லோர் மேலும் கோபித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு இன்னொரு வசனத்தைக் காட்டினார். துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் தோற்சுருள்களையும் வரும்போது எடுத்துவா என்று பவுல் கேட்கும் இடம். "ஆக்கள் போட்டினம் எண்டு சொன்ன ஆள், அடுத்ததாய் என்ன கேக்கிறார் பாருங்கோ. குளிருக்கு உடுப்பு, வாசிக்கப் புத்தகம். இந்த மனிசன் இன்னும் வேலை செய்யப் போறார்." அவ்வளவுதான். ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மானிப்பாய் வைத்தியசாலையைத் தெரியும். அதைக் கட்டியெழுப்பிய அமெரிக்க மிஷன் டாக்குத்தர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். ஆங்கிலத்தில் வைத்தியம் படித்து முடித்த மாணவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட, ஊரில் வைத்தியர் இல்லை. மனிதர் வெறுத்துப்போய்க் கப்பல் ஏறவில்லை. 1860களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். சுகமில்லாமல் 1873இல் ஊர் திரும்பிய பிறகும் அந்த நூல் வேலையை விடவில்லை. 1884இல் இறந்தபோது, தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று அவர் விரும்பியபடியே கல்லில் பொறித்தார்கள். ரீச்சர் இவரை அடிக்கடி இழுப்பார், விகிதசமம் படிப்பிக்கும்போதுகூட. அந்த மாணவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். உத்தியோகம் தேடிப் போவதில் யாழ்ப்பாணத்தாரை வெல்ல ஆளில்லை, நான் உட்பட.

போர் நெருங்கிவர, 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் காலடி வைக்க இடமில்லை. நாங்கள் மீசாலையில் ஒரு வீட்டு விறாந்தையில் ஒதுங்கினோம். இரண்டு கிழமை கழித்து ரீச்சர் எப்படியோ எங்கள் நாலைந்து பேரைத் தேடிப் பிடித்துவிட்டார். அடுத்த வருடம் எங்களுக்கு ஏ.எல். சோதனை. ஒரு மாமரத்தின் கீழே வகுப்பு. இருட்டினால் ஜாம் போத்தல் விளக்கு: அடியில் கொஞ்சம் பஞ்சு, அது ஊறுமளவு மண்ணெண்ணெய், மெல்லிய திரி. போர்த்துக்கொள்ளச் சீலை எடுத்து வராத மனிசி ஹோர்லிக்ஸ் போத்தலை எடுத்து வந்திருந்தார்.

இனி என் கதை. 2001இல் கனடா வந்தேன். ஸ்காபரோவில் எங்கள் தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் 2009இல் சனிக்கிழமைக் கணித வகுப்பைத் தொடங்கினேன். புதிதாக வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, காசில்லாமல். தனியாக இல்லை. எனக்கு அக்கா தங்கச்சி இல்லாத குறையைத் தீர்த்த ஒரு தோழியும் கூட. இது எனக்குக் கடவுள் தந்த வேலை என்று அவளிடம்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னேன். ஐந்தாம் வருடம் அவள் தனியாக ரியூசன் தொடங்கினாள். தொடங்கட்டும், அது அவளுடைய பிழைப்பு. ஆனால் என் வகுப்புத் தாய்மாருக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்து, "இலவசமெண்டால் தரமிராது, அவவுக்கு இப்ப மறதியும் கூட" என்று சொன்னாளாம். இருபத்துமூன்று பிள்ளைகள் ஆறு ஆனார்கள்.

காசு போனால் இப்படி வலிக்காது. இரண்டு சனிக்கிழமை வகுப்பு வைக்கவில்லை. மூன்றாவது சனி, திறப்பைப் போதகரிடம் கொடுத்துவிடுவோம் என்று போனேன். கீழே இறங்கும் படியில் ஒரு பொடியன் பாக்குடன் இருந்தான். தாய்க்குக் காலை வேலை, வகுப்பு நின்றது தெரியாமல் இறக்கிவிட்டுப் போயிருக்கிறாள். தேவதூதன் என்று நினைக்கவேண்டாம். என்னைக் கண்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அன்ரி, ரிம்பிற்ஸ் இல்லையா?"

ரிம்பிற்ஸ் என்ற குட்டி டோனற் உருண்டைகளை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பின்னத்தைப் பின்னத்தால் பிரிப்பது படிப்பித்தேன். நடுவில் எனக்கே குளிர்ந்தது. ஹீற்றரைப் போட மறந்திருந்தேன். எழும்பிப் போய் என் ஜாக்கெற்றை எடுத்துப் போடும்போதுதான் துரோவா ஞாபகம் வந்தது. மாசி மாதத்து ஸ்காபரோவில் இருந்து பார்த்தால் அந்த மேலங்கி வேறு மாதிரித் தெரிகிறது. அன்றிரவு தோழியை நினைத்துப் படுத்தபோது முன்போலவே வலித்தது. வேலையும் வலியும் ஒரே அறைக்குள் இருக்கலாம் என்பது மட்டும் விளங்கியது. போய்விட்ட பதினேழு தாய்மாரிலும் எத்தனை பேர் தேமா என்று எண்ணிப் பார்த்தேன். ஒருவருமில்லை. நல்ல மார்க் வேண்டும் என்று போனவர்கள்.

பவுல் அதே கடிதத்தில் மாற்குவையும் கூட்டிவரச் சொல்கிறார், தனக்கு உதவியானவன் என்று. பம்பிலியாவில் பாதியில் விட்டுப் போன அதே மாற்கு, எவனுக்காகப் பர்னபாவோடு பிரியும் அளவுக்குச் சண்டை பிடித்தாரோ அவன். போன வருட இராப்போசன விருந்தில் தோழி அடுத்த மேசையில் இருந்தாள். தலையாட்டினேன், அவளும் தலையாட்டினாள். மாற்கு வரைக்கும் நான் இன்னும் போய்ச் சேரவில்லை.

2016இல் ஊருக்குப் போக முதல் ரீச்சருக்குப் போன் எடுத்தேன். ஓய்வு பெற்றுப் பல வருடம். தாய் போய்விட்டா. தம்பி? "ஒருக்கால் எடுத்தவன். காணி உறுதியைப் பற்றிக் கேட்டவன்" என்றார், அதோடு விட்டார். என்ன கொண்டுவர என்று கேட்டேன். மருந்து, கண்ணாடி, சுவெற்றர் என்று நானே அடுக்கினேன். "உதொண்டும் வேண்டாம் பிள்ளை. தூசி பறக்காத வெண்கட்டி அங்க இருக்காம், ஒரு பெட்டி கொண்டுவாரும். பின்னேரத்தில எட்டுப் பிள்ளையள் வருகுதுகள், எனக்கு இழுப்பு."

நான்கு பெட்டி கொண்டு போனேன். விறாந்தையில் இருந்தபடியே ஒன்றைப் பிரித்து, ஒரு வெண்கட்டியை எடுத்து மணந்து பார்த்தார். நாற்பத்தெட்டு வெண்கட்டி மடியில் கிடக்க, அதை இரண்டாக முறித்துப் பாதியை ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டார்.