தீக்காயப் பிரிவிலிருந்து வரும் ட்யூப்

தீக்காயப் பிரிவிலிருந்து அமினோ அமிலப் பரிசோதனைக்கு ரத்தம் வந்தால், பெயரைச் சரிபார்த்த கையோடு நான் தேடுவது ரத்தம் எடுத்த நேரத்தை. ட்யூப் மேசையில் கிடக்கக் கிடக்க குளுட்டமின் என்ற அமினோ அமிலம் உடைந்து, குளுட்டமேட் என்ற இன்னொன்றாகிவிடும். சிவப்பணுக்கள் சிதைந்திருந்தால் இன்னும் மோசம்: வெளியே வரும் ஆர்ஜினேஸ் என்ற நொதி, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைக் குறைத்து ஆர்னிதினைக் கூட்டிவிடும். அதனால் சென்ட்ரிபியூஜிலிருந்து எடுத்ததும் பிளாஸ்மாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. சிவப்பு ஓடியிருந்தால் வேறு ரத்தம் கேட்பேன், வார்டில் முகம் சுளித்தாலும்.

குளுட்டமின் சாதாரணமாக லிட்டருக்கு 500 முதல் 700 மைக்ரோமோல் வரை இருக்கும். பெரிய தீக்காயத்தில் இது சட்டென இறங்கும். தசை கரைந்து குளுட்டமினைக் கொட்டிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் குடலும் நோய் எதிர்ப்பு அணுக்களும் அதைவிட வேகமாகச் செலவழிக்கின்றன. பீனைல்அலனின் கதை நேர் எதிர். தசையால் அதை எரிக்க முடியாது, பெரும்பாலும் கல்லீரல்தான் டைரோசினாக மாற்ற வேண்டும். தசை வேகமாகக் கரைந்து, கல்லீரலும் தடுமாறினால் டைரோசினோடு ஒப்பிடும் பீனைல்அலனின் விகிதம் ஏறும். ரிப்போர்ட்டில் என் கண் முதலில் போவது அங்கேதான். சிறுகுடல் உட்சுவரில் உருவாகும் சிட்ருலின் குறைந்தால் அந்தச் சுவர் மீது சந்தேகம் வரும். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அதே சிட்ருலின் தேங்கி, நம்மை ஏமாற்றவும் செய்யும்.

‘பிழைப்பாரா?’ என்று கேட்டால் இந்த எண்களை மட்டும் வைத்துப் பதில் சொல்ல மாட்டேன். வயது, வெந்த பரப்பின் சதவீதம், புகையால் மூச்சுப்பாதை பாதித்திருந்தால் கூடுதலாக 17: இவற்றைக் கூட்டி இறப்பு அபாயத்தை மதிப்பிடும் திருத்திய பாக்ஸ் கணக்குக்கு ஊசிகூடத் தேவையில்லை.

குளுட்டமின் குறைவுதானே, கொடுத்துவிட்டால் போச்சு என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். கடும் தீக்காயம் பட்ட சுமார் 1,200 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், குளுட்டமின் பெற்றவர்கள் சீக்கிரம் வீடு திரும்பவில்லை. அதற்கு முன்பே, 2013-இல், பல உறுப்புகள் செயலிழந்த தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் குளுட்டமின் கொடுத்தவர்களிடையே இறப்பு கூடியது. புகை தெரிந்தால் தீ இருக்கிறது என்று அறியலாம். புகையை விரட்டினால் தீ அணையாதே.

இப்போதெல்லாம் வார்டிலிருந்து போனில் ஒற்றை எண்ணைக் கேட்டால், முந்தைய ரிசல்ட்டையும் சேர்த்தே சொல்கிறேன். அப்புறம், ரத்தம் எடுக்கும்போது குழாய் வழி உணவு ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன்.