பத்ரியில் பெருமாள் வைத்திருக்கும் வெந்நீர்

விடியற்காலை நான்கு மணி. அக்டோபர் மாதக் குளிர். அலக்நந்தாவின் பாலத்தைக் கடக்கும்போது அத்தையின் ஊன்றுகோல் தட்டும் ஓசைகூட ஆற்றின் இரைச்சலில் கேட்கவில்லை. எதிர்க்கரையில், கோயில் படிகளுக்குக் கீழே, வெள்ளை வெள்ளையாக ஆவி எழுந்து கொண்டிருந்தது. “அடுப்பு மூட்டிவிட்டார் பார்” என்றார் அத்தை. யார் என்று நான் கேட்கவில்லை.

பத்ரிநாத் ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆழ்வார்கள் பாடிய திருவதரியாச்சிரமம் இதுதான். முதுமை வந்து, கோலை ஊன்றித் தள்ளாடுவதற்கு முன்பே வதரியை வணங்கிவிடுங்கள் என்று திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். அத்தைக்கு அந்தப் பதிகம் மனப்பாடம். கையில் கோலுடன் வந்துவிட்டோமே என்ற வருத்தம் அவருக்கு வழியெல்லாம் இருந்தது.

யமுனோத்திரி, கங்கோத்திரி, கேதார்நாத், பத்ரி என்று இமயத்தின் நான்கு தலங்களையும் சுற்றி வந்ததில், வெந்நீர் எங்களுக்குப் புதிதில்லை. யமுனோத்திரியில் சூரிய குண்டத்து நீர் குளிப்பதற்கானதல்ல, கொதிப்பது. அரிசியைத் துணியில் முடிந்து அதற்குள் இறக்கினால் வெந்துவிடுகிறது. அதுதான் அங்கே பிரசாதம். கேதார்நாத்துக்கு நடை தொடங்கும் கௌரிகுண்டத்தில் ஏமாற்றம். மாமா இளவயதில் அங்கே வெந்நீரில் அமிழ்ந்து கிடந்த கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். 2013 ஜூன் மாத வெள்ளம் அந்தக் குளத்தை அழித்துவிட்டது. அத்தை அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

ஆகவே பத்ரியின் வெந்நீர்க் குளமான தப்த குண்டத்தின் மீதுதான் எங்கள் ஆசை முழுவதும். தரிசனத்துக்கு முன் இதில் நீராடுவது மரபு. பெண்களுக்குச் சுவர் எழுப்பித் தனி இடம் இருக்கிறது. உள்ளே போனதும் முதலில் எட்டியது கந்தக வாடை, தீக்குச்சியைக் கிழித்து அணைத்தது போல. நீரின் சூடு சுமார் 45 டிகிரி என்கிறார்கள். கேட்கும்போது சாதாரணமாக இருக்கிறது. கால் வைத்தால்தான் தெரிகிறது. அலறிக்கொண்டு காலை இழுத்தேன். பக்கத்தில் ஒரு மூதாட்டி, மொழி தெரியாமலேயே, கையால் அள்ளிப் பாதத்தில் ஊற்றிக் காட்டினார். முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு தோள் என்று ஊற்றி ஊற்றி உடம்பைப் பழக்கிவிட்டு இறங்க வேண்டும்.

இறங்கிய பிறகு எழ மனம் வரவில்லை. பத்து நாள் மலைப்பாதையின் வலி ஒவ்வொரு மூட்டாகக் கழன்றது. அங்கேதான் நான் தவறு செய்தேன். கழுத்து வரை அமிழ்ந்து, கண்ணை மூடி, விஷ்ணு சகஸ்ரநாமத்தை முழுதாகச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். பாதியில் எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றே மெலிந்த உயரம், போதாக்குறைக்குச் சுடுநீர். தலை சுற்றாமல் என்ன செய்யும்? அத்தை என் தோளைப் பிடித்துப் படியில் உட்கார்த்தினார். “சகஸ்ரநாமத்தைக் கரையில் சொல்லக்கூடாதா? ஐந்து நிமிடம் போதும், எழுந்திரு” என்று திட்டு வேறு.

இந்தச் சூட்டுக்குத் தலபுராணம் ஒரு காரணம் சொல்கிறது. எல்லாவற்றையும் உண்பாய் என்று பிருகு முனிவரால் சபிக்கப்பட்ட அக்கினி, பாவம் தீர இங்கே வந்து நாராயணனைச் சரணடைந்து, நீர் வடிவில் தங்கிவிட்டானாம். நிலவியல் சொல்வது வேறு. மழைநீரும் பனிநீரும் பாறைப் பிளவுகளின் வழியே வெகு ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் காய்ந்து, வேறொரு பிளவு வழியே மேலே வருகின்றன. இமயத்தில் எரிமலை தேவையில்லை. நிலத்தட்டுகள் மோதி நொறுக்கிய பாறைகளே போதும். எனக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது. இரண்டிலும், கீழே போனது திருந்தி மேலே வருகிறது.

ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது தோன்றியது இவை எதுவுமில்லை. வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் கால் கழுவ நீர் கொடுப்போம் அல்லவா? பனி சூழ்ந்த இந்த ஊரில் பெருமாள் அதைச் சுடவைத்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

தலை ஈரத்தைத் துவட்டி, கம்பளியைச் சுற்றிக்கொண்டு படியேறினோம். சாளக்கிராமத் திருமேனி; பத்மாசனத்தில் அமர்ந்த யோகக் கோலம். தள்ளிவிடுவதற்குள் கிடைத்தது சில விநாடிகள். அத்தை அழுதார். நான் அழவில்லை, உடம்பு இன்னும் கதகதவென்று இருந்ததையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பப் பாலத்தைக் கடக்கும்போது அத்தை மெதுவாகச் சொன்னார்: “நாளைக்கும் மூன்றரைக்கு எழுப்பு.”

“மறுபடியும் தரிசனமா, அத்தை?”

“குளிக்கத்தான்” என்றவர், கோயில் பக்கம் திரும்பி அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.