கிரைண்டர் மாதிரி ஒரு கித்தார்: நான்கு மாத நிலவரம்

பிப்ரவரியில் ஆரம்பித்தேன். இரண்டரை நிமிடம் ஓடும் ஒரு கராஜ் பங்க் பாட்டை (கார் ஷெட்டில் கூடிப் பழகும் பையன்களின் கரடுமுரடான ராக் இசை அது), 1965இல் பதிவானது போல அழுக்காக, வீட்டிலேயே பதிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் அந்த அழுக்கு வந்துவிடும் என்று தெரியும். அது வேண்டாம் என்பதுதான் நான் எனக்குப் போட்டுக்கொண்ட ஒரே விதி. கையில் இருந்தவை: கல்லூரி நாளில் வாங்கி பீரோ மேல் தூங்கிக்கொண்டிருந்த எலக்ட்ரிக் கித்தார், அதன் ஒலியைப் பெருக்கும் பத்து வாட் ஆம்ப் ஒன்று, அப்பாவின் பழைய டூ இன் ஒன் (ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி), சென்னையில் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை.

கராஜ் பங்க் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் 'தி சோனிக்ஸ்' குழுவைத்தான் போட்டுக் காட்டுவேன். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்து டகோமாவைச் சேர்ந்த பையன்கள். முதல் ஆல்பம் 1965. ஜெர்ரி ராஸ்லி பாடுவதில்லை, தொண்டையைக் கிழித்துக்கொள்கிறார். மற்றவர்கள் காதலியையும் காரையும் பாடிக்கொண்டிருக்க, இவர்கள் சூனியக்காரியையும் ஸ்ட்ரிக்னின் விஷத்தையும் பாடினார்கள். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் 'பங்க்' என்ற பெயர் கிடையாது. 1972இல் லெனி கே என்பவர் இப்படிப்பட்ட குழுக்களின் பாட்டுகளைத் தேடித் திரட்டி 'நக்கெட்ஸ்' என்று இரட்டை இசைத்தட்டாகத் தொகுத்து, அதன் குறிப்பில் அந்தச் சொல்லை எழுதினார். நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்க் வெடித்தது அதற்குப் பிறகுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதல் வேலை ஃபஸ் பெடல். கித்தாரின் ஒலியை வெட்டிச் சிதைத்து, தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி ஆக்கும் சின்னப் பெட்டி அது. அதன் பிறப்பே ஒரு பழுதுதான். நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸ் என்ற 'கன்ட்ரி' இசைப் பாடகரின் பாட்டைப் பதிவு செய்தபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கித்தாரின் ஒலி சென்ற மிக்ஸர் சேனல் கெட்டுப்போய்க் கரகரத்தது. அதை நீக்காமல் அப்படியே விட்டார்கள்; 1961இல் பாட்டு ஹிட். 'அந்தச் சத்தம் எங்களுக்கும் வேண்டும்' என்று மற்றவர்கள் கேட்கவே, ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே ஒரு சர்க்யூட்டாக வடித்தார். 1962இல் கிப்சன் நிறுவனம் அதை 'மேஸ்ட்ரோ' என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. கித்தாரை டிரம்பெட் போலவும் செல்லோ போலவும் ஒலிக்க வைக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். டிரம்பெட்டும் இல்லை, செல்லோவும் இல்லை என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

நான் எடுத்துக்கொண்டது 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட். இரண்டே டிரான்சிஸ்டர், ஒரு கைப்பிடி ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர். டிரான்சிஸ்டர் மட்டும் பழைய காலத்து மாதிரி ஜெர்மானியம் என்ற தனிமத்தால் ஆனதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம். ஏசி128 என்ற அந்த வகை டிரான்சிஸ்டரைத் தேடி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்தேன். ஜெர்மானியம் என்றதும் பாதிப் பேர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெரியவர் பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்தார். "பழைய ரேடியோல கழட்டுனது தம்பி. வேலை செய்யுமான்னு கேக்காத. பத்து எடுத்துக்க, ரெண்டு தேறும்." வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்தில் நான்கு செத்தவை. மூன்றில் மின்கசிவு அதிகம். மிச்சம் மூன்றில் ஒன்று 75 மடங்கு பெருக்கியது, இன்னொன்று 110. முதல் இடத்துக்குக் குறைந்ததும் இரண்டாம் இடத்துக்குக் கூடியதும் என்று இந்த சர்க்யூட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரியவர் வாக்கு அப்படியே பலித்தது.

பாகங்களைச் சாலிடர் இல்லாமல் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் எல்லாவற்றையும் செருகி 9 வோல்ட் பேட்டரியைப் போட்டேன். சத்தமே வரவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஏசி128 பிஎன்பி வகை. அதற்கு பாசிட்டிவ்தான் கிரவுண்ட். நான் பழக்கதோஷத்தில் நெகட்டிவைக் கொடுத்திருந்தேன். மாற்றிப் போட்டதும் ஆம்ப் இருமியது. அப்புறம் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் திருகி அளவை மாற்றக்கூடிய ரெசிஸ்டரான ட்ரிம்மர் ஒன்றைப் போட்டு, இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டர் என்ற காலில் 4.5 வோல்ட் நிற்கும்வரை ஸ்க்ரூடிரைவரால் திருகினேன். கித்தாரில் ஒரு கார்டு (பல சுரங்கள் சேர்ந்த ஒரு பிடி) அடித்தேன். நிஜமாகவே புல்லரித்தது.

மறுநாளே கீழ்வீட்டு அக்கா படியில் பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி, கிரைண்டர் ரிப்பேரா?"

மார்ச் கடைசியில் வெயில் ஏறியதும் பெடலின் குணம் மாறியது. காலையில் சரியாக இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு ஒலி அறுந்து அறுந்து, புகைந்துபோன ஸ்பீக்கர் மாதிரி வரும். ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது. வெப்பம் ஏற ஏற அதன் மின்கசிவும் ஏறும். விரலால் டிரான்சிஸ்டரைத் தொட்டாலே மீட்டர் நகர்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் நான் காலையில் திருகி வைத்த 4.5, மதியத்தில் ஒன்றரை வோல்ட் தள்ளி நின்றது. டகோமாவின் குளிரில் இந்தத் தொல்லை யாருக்கும் வந்திருக்காது. ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வைத்தேன். தயிருக்குப் பக்கத்தில் ஒயர் தொங்கும் தகரப் பெட்டியைப் பார்த்த என் மனைவி ஒன்றும் சொல்லாமல் வெளியே எடுத்து வைத்துவிட்டாள். இப்போது மண்பானையின் மூடித் தட்டில் வைக்கிறேன். போதுமான குளிர்ச்சி. வாசிப்பது காலை எட்டு மணிக்குள் அல்லது இரவு.

அடுத்து ஸ்பீக்கரைக் கெடுக்கும் படலம். 1958இல் அமெரிக்கக் கித்தார் கலைஞர் லிங்க் ரே 'ரம்பிள்' வாசித்தபோது ஆம்ப் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். ஒரு வார்த்தைகூட இல்லாத வெறும் கித்தார் இசை அது. ஆனாலும் ரவுடிச் சண்டையைத் தூண்டிவிடும் என்று பயந்து சில ஊர் வானொலிகள் அதை ஒலிபரப்பவில்லை. பாட்டில் வார்த்தையே இல்லாமல் தடை வாங்கியவர் என்றால் சும்மாவா! கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் இருந்தபோது காசநோய் வந்து ஒரு நுரையீரலை இழந்தவர். பாட முடியாததைக் கித்தாரிடம் கொடுத்தார் என்று நானாக நினைத்துக்கொள்வேன். லண்டனில் 'கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் ஒருபடி மேலே போய் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறினார்.

நானும் காயலான் கடையில் ஆறு அங்குல ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிவந்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஐந்து கீறல் போட்டேன். முதல் பத்து நிமிடம் அற்புதம். பதினோராவது நிமிடம் ஒரு கீறல் இன்னொன்றோடு சேர்ந்துகொண்டது. பேப்பர் ஆடும் சத்தம் மட்டும் மிச்சம். குப்பைக்குப் போனது. இதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஏப்ரல் முழுவதும் கைப்பழக்கம். 'லூயி லூயி' தெரியாமல் இந்த இசைக்குள் வர முடியாது. ரிச்சர்ட் பெரி எழுதி 1957இல் வெளியிட்ட பாட்டு. 1963 ஏப்ரலில் ஓரிகன் மாநிலத்து போர்ட்லண்டில் கிங்ஸ்மென் குழு பதிவு செய்த வடிவம்தான் உலகத்தைச் சுற்றியது. ஏ, டி, இ மைனர், மறுபடி டி. நாலு பிடி, மூன்று கார்டு. கேட்க எளிது. சின்ன வயதில் இரண்டு வருடம் மிருதங்கம் கற்றவன் நான். காதில் விழுந்ததும் 'தகிட தக, தகிட தக' என்று மனம் கண்டமாக, அதாவது ஐந்து எண்ணிக்கையாக, பிடித்துக்கொண்டது. அங்கேதான் சறுக்கல். அடி ஐந்துதான், ஆனால் எண்ணிக்கை நாலு. மூன்று அடிக்கும் இரண்டு அடிக்கும் நடுவே கால் தட்டும் இடத்தில் ஒரு சின்ன மௌனம் இருக்கிறது. அந்த மௌனத்தை விழுங்கினால் பாட்டு ஓடிவிடும். காலை நிலத்தில் தட்டிக்கொண்டே வாசித்துப் பழக மூன்று வாரம் பிடித்தது.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதிரொலி கூடாது என்று ஜனவரியிலேயே மளிகைக் கடையில் முட்டை அட்டைகளைக் கேட்டு வாங்கி நாலு சுவரிலும் ஒட்டியிருந்தேன். நாற்பது அட்டை. பெருமையாகப் படம்கூட எடுத்து வைத்திருந்தேன். பிறகுதான் படித்தேன்: சோனிக்ஸ் தங்கள் இரண்டாவது ஆல்பத்துக்கு ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், அங்கே ஒலி மழுங்குகிறது என்று சுவரில் இருந்த முட்டை அட்டைகளைப் பிய்த்து எறிந்துவிட்டு வாசித்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாற்பதையும் பிய்த்தேன். சுவரில் பசைத்தடம் இன்னும் இருக்கிறது, வீட்டு ஓனர் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் ஸ்னேர் டிரம்மை ஒரு தட்டு தட்டினால் அறையே பளீரென்று திருப்பி அறைகிறது. செய்தவற்றில் மிகப் பெரிய வித்தியாசம் தந்தது இதுதான், செலவும் இல்லை.

பாட்டு என்னுடையது. மோட்டார் போட்டும் டேங்க் நிறையாத வீட்டைப் பற்றி. ஸ்ட்ரிக்னின் அளவுக்கு இல்லைதான், என்றாலும் கோபம் உண்மையானது. கிங்ஸ்மென் பதிவில் மைக்கை உயரத்தில் கட்டியிருந்ததால், பாடகர் ஜாக் ஈலி தலையை அண்ணாந்து கத்திப் பாடினார், வார்த்தைகள் குழறின. குழறியதில் என்னென்னமோ ஆபாசம் இருப்பதாக ஊரில் வதந்தி கிளம்பி, பெற்றோர்கள் புகார் செய்து, எஃப்பிஐயே விசாரணையில் இறங்கியது. இசைத்தட்டை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டிப் பார்த்தார்கள். எந்த வேகத்திலும் புரியவில்லை என்று ஃபைலை மூடினார்கள். உண்மையில் அது காதலியைப் பார்க்கக் கடல் தாண்டிப் போகும் ஒரு மாலுமியின் பாவப்பட்ட பாட்டு.

நானும் மைக்கைத் துணிக்கொடியில் கட்டித் தொங்கவிட்டு அண்ணாந்து பாடினேன். கழுத்து வலி. பதிவைக் கேட்டால், கிணற்றுக்குள் விழுந்தவன் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பாட்டின் நடுவே தப்பாக நுழைவதுபோல் ஓர் இடமும் வைத்திருந்தேன். ஜாக் ஈலி கித்தார் பகுதி முடிந்ததும் அவசரப்பட்டு முன்னாலேயே பாட ஆரம்பித்து, சட்டென நிறுத்துவார். டிரம்ஸ் ஓர் உருட்டு உருட்டி அதை மூடிவிடும். அது எனக்கு உயிர். அதையே நகல் எடுத்தேன். கேட்க நாடகத்தில் தடுக்கி விழுகிறவன் மாதிரி இருந்தது. விழுவதற்கு முன்பே கை தரையைத் தேடுகிறது.

இதைச் சரிசெய்தது டிரம்ஸ் வாசிக்க வந்த பையன். சர்ச்சில் ஞாயிறுதோறும் வாசிக்கிறவன், நேர்த்தியான கை. நான் அவனிடம் அழுக்காக, அங்கங்கே தப்பாக வாசி என்றேன். அவன் குழம்பிப்போய்க் கேட்டான்: "அண்ணா, அவங்களும் வேணும்னேதான் தப்பா அடிச்சாங்களா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ராத்திரி உட்கார்ந்து சோனிக்ஸ் ஆல்பத்தை மறுபடி கேட்டேன். இல்லை. அவர்கள் ஒருவர்கூடத் தப்பாக வாசிக்க முயலவில்லை. நடன அரங்கில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே கேட்க வேண்டும், ஆம்ப் சின்னது, ஸ்டுடியோவில் மொத்த டிரம்ஸுக்கும் ஒரே மைக். கருவி தாங்குவதைவிட அதிகமாக அதனிடம் கேட்டார்கள், அது அலறியது. நானோ மூன்று மாதமாக அலறலை மட்டும் வரவழைக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே இரண்டாம் ஞாயிறு, காலை ஏழு மணி. மைக்கை வாய் உயரத்துக்கு இறக்கினேன். போலித் தடுமாற்றத்தை எடுத்துவிட்டேன். பையனிடம் சொன்னது ஒன்றுதான்: "உன்னால முடிஞ்ச அளவு சரியா அடி, ஆனா கீழ்வீட்டுக்கு இல்ல, தெருமுனைக்குக் கேக்கணும்." டூ இன் ஒன்னின் ஒரே மைக் சாக்கெட்டில் எல்லாம். அந்தப் பெட்டிக்குள் ஒலி அளவைத் தானே கட்டுப்படுத்தும் ஏற்பாடு உண்டு. டிரம் அடி விழுந்ததும் மொத்த ஒலியையும் அமுக்கி, மறுகணம் மேலே தூக்கிவிடும். அதனால் கித்தார் ஒவ்வோர் அடிக்கும் மூச்சு வாங்குகிறது. இதை நான் திட்டமிடவில்லை, கேட்டதும் துள்ளிக் குதித்தேன்.

ஒன்பது தடவை வாசித்தோம். வெயில் ஏறி, எட்டாவதில் ஃபஸ் தடுமாற ஆரம்பித்தது. வைத்துக்கொண்டது நாலாவது. அதில் இரண்டாம் சரணத்தில் எனக்கு வரி மறந்து வெறுமனே கத்தியிருக்கிறேன். மனைவி கேட்டுவிட்டு, "டேங்க்னு ஒரு வார்த்தை புரிஞ்சுது" என்றாள். எஃப்பிஐக்குக் கிடைத்ததைவிட ஒரு வார்த்தை அதிகம்.

பேஸ் கித்தார் இல்லை. சேர்க்கப் போவதும் இல்லை. டெட்ராய்ட்டின் கோரீஸ் குழு பேஸ் இல்லாமலேதான் வண்டி ஓட்டியது. அடுத்து என்ன என்று யோசிக்கும்போதெல்லாம் டெட் மூன் குழுவின் ஃபிரெட் கோல் ஞாபகம் வருகிறார். வியட்நாம் போருக்கு ஆள் எடுப்பதிலிருந்து தப்பிக் கனடாவுக்குப் போகிற வழியில் போர்ட்லண்டில் பெட்ரோல் தீர்ந்து நின்றவர். அங்கேயே டூடியைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டு, 1987இல் அவரையே பேஸ் வாசிக்க வைத்து டெட் மூனைத் தொடங்கினார். இசைத்தட்டில் ஒலித்தடம் வெட்டும் பழைய மோனோ இயந்திரம் ஒன்றை வீட்டிலேயே வைத்துத் தங்கள் தட்டுகளைத் தாங்களே வெட்டினார்கள். கிங்ஸ்மென்னின் 'லூயி லூயி' வெட்டப்பட்டதும் அதே இயந்திரத்தில்தான் என்று சொல்கிறார்கள். 2017இல் ஃபிரெட் இறக்கும்வரை அந்த இருவரும் சேர்ந்தே வாசித்தார்கள்.

என்னிடம் வெட்டும் இயந்திரம் இல்லை. காலி கேசட் பன்னிரண்டு இருக்கிறது. டூ இன் ஒன்னிலிருந்து நண்பனின் டெக்குக்கு ஒயர் போட்டு ஒவ்வொன்றாக நகல் எடுக்கிறேன். இதுவரை ஐந்து முடிந்தது. ஒன்றைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். அவர் வீட்டில் கேசட் போட எதுவும் இல்லையாம். "பரவால்ல தம்பி, எல்லாத்தையும் நேர்லயே கேட்டாச்சு" என்றார்.

இன்று காலை கலெக்டரில் 4.3 வோல்ட். ட்ரிம்மரைத் தொடவில்லை.