எடை பார்க்கும் முன் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி

பிரஷர், சுகர், தைராய்டு, ஹீமோகுளோபின் என்று கர்ப்பிணிக்கு எத்தனையோ டெஸ்ட் எடுக்கிறார்கள். "முன்னாடி சாப்பாட்டு விஷயத்துல ஏதாவது பிரச்சினை இருந்துச்சாம்மா?" என்று மட்டும் என்னிடம் யாரும் கேட்கவில்லை. கல்லூரியில் படித்தபோது எனக்குப் புலிமியா இருந்தது. வயிறு முட்டச் சாப்பிடுவேன், உடனே விரலை விட்டு வாந்தி எடுப்பேன். சிகிச்சையில் சரியாகிப் பல வருடம் ஆகிவிட்டது. கர்ப்பமானதும் அது திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் வந்தது.

பிக்மி பதிவு (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு), ஸ்கேன் எல்லாம் சுலபமாக முடிந்தன. கஷ்டம் எடை பார்க்கும் இடத்தில்தான். ஓபி வரிசைக்கு எதிரிலேயே மெஷின். ஒரு சிஸ்டர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். ஒரு மாதம் "இவ்ளோ ஏறிடுச்சே, வாயைக் கட்டும்மா" என்றார். அடுத்த மாதம் ஏறவில்லை, "புள்ளைக்கு என்னதான் குடுக்கிற?" என்றார். அந்த இரண்டு ராத்திரியும் என்னால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை.

வாந்தி என்றதும் டாக்டர் "மசக்கைதான்" என்று மாத்திரை எழுதிவிட்டார். மசக்கை வாந்தி தானாக வருவது. நான் எடுத்ததோ, பழையபடி நானாக வரவழைத்த வாந்தி. பக்கத்தில் அத்தை, பின்னால் நீண்ட வரிசை. அங்கே எப்படிச் சொல்வது? அடுத்த முறை "டாக்டர்கிட்ட தனியாப் பேசணும்" என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி சிஸ்டரிடம் கொடுத்தேன். அது பலித்தது. இதே நிலையில் இருப்பவர்கள் தயங்காமல் எழுதிக் கொடுங்கள்.

மனநலப் பிரிவுக்குச் சீட்டு கிடைத்தது. அங்கே போனால், சீட்டில் டாக்டர் சீல் இல்லை என்று கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாங்கியதும் கையெழுத்து, சீல் இரண்டும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

ஒருவழியாக உள்ளே போனதும் அந்த டாக்டர் ஐந்து கேள்விகள் கேட்டார். வயிறு நிறைந்த சங்கடத்தில் வாந்தியை வரவழைக்கிறீர்களா, சாப்பிடும் அளவு கையை மீறிப் போகிறதோ என்ற கவலை உண்டா, மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா, மற்றவர்கள் ஒல்லி என்றாலும் குண்டாக இருப்பதாக நினைக்கிறீர்களா, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புதானா. இரண்டுக்கு 'ஆமாம்' என்றாலே மேற்கொண்டு விசாரிக்க வேண்டுமாம். 1999இல் லண்டனில் உருவான ஸ்காஃப் என்ற கேள்விப் பட்டியல் இது. கர்ப்பத்தில் எடை எப்படியும் ஏறும் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது என்று நிறைய நேரம் பேசினார். அப்புறம் பொட்டாசியம் டெஸ்ட் எழுதினார். அடிக்கடி வாந்தி எடுத்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பையே பாதிக்கும். வாந்தி எடுத்ததும் பல் தேய்க்காமல் வாயைக் கொப்பளிக்கச் சொன்னார், பல்லின் எனாமல் தேயாமல் இருக்க.

என் கார்டில் "எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம்" என்று அவர் எழுதிக் கொடுத்ததுதான் பெரிய உதவி. அடுத்த முறை சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, "இந்தப் பக்கம் திரும்பி நில்லும்மா" என்றார். எண்ணைப் பேசாமல் எழுதிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நேரில் சொல்ல வாய் வராவிட்டால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். பிரசவத்துக்குப் பிறகு இது திரும்பி வர வாய்ப்பு அதிகம் என்பதால், அதற்கடுத்த செக்கப்போடு மனநல டாக்டரையும் பார்க்க இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.